போறேன் என்று சொல்ல வேண்டும்

மகாராஜனுக்கு மேலாளர் பதவி வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சொல். 'வாரேன்.'

அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் நெடுங்கை. சங்கரன்கோவில் பைபாஸ் சாலையில், பழைய விசைத்தறிக் கொட்டகை இருந்த இடத்தில் ஏசி போட்ட பெரிய கூடம். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண். கண்ணையும் காதையும் மூடும் கண்ணாடி, முழங்கை வரை கையுறை. இங்கே அவள் விரலை மடக்கினால் சென்னையில் ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டில், சக்கரம் வைத்து, கேமராவும் ஒலிபெருக்கியும் பொருத்திய கம்பத்திலிருந்து நீளும் இரண்டு ரப்பர் கைகள் விரலை மடக்கும். அந்தக் கைகள் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களைக் குளிப்பாட்டும், ஊட்டும், துடைக்கும், புரட்டிப் படுக்க வைக்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து மாதச் சந்தா கட்டுவார்கள்.

முன்பெல்லாம் அந்த மாதிரி வீடுகளுக்கு வேலைக்குப் போனால் செருப்பை எங்கே விடுவது, எந்தத் தம்ளரில் குடிப்பது என்று ஆயிரம் சட்டம். இப்போது கால் போக வேண்டாம், கை போனால் போதும். சமையலறை, பூஜையறை எல்லாம் கைக்குத் திறந்தே கிடந்தன. கையிடம் யாரும் சாதி கேட்பதில்லை. பெயரும் கேட்பதில்லை.

புதிய தொழில் விதிப்படி இந்த வேலையில் ஒவ்வொரு நாளும் தனி ஒப்பந்தம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கையுறையைக் கழற்றும் முன் இயந்திரம், "நாளை பணிக்கு வருகிறீர்களா?" என்று கேட்கும். வருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பெண்கள் அதனிடம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "பாப்போம்" என்பாள். இன்னொருத்தி, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள். ஒப்பந்தம் பதிவாகாமல் மகாராஜன் தலையைப் பிய்த்துக்கொள்வார். அப்போது அவர் வெறும் கண்காணிப்பாளர்.

ஒருநாள் மேலிடத்துக்கு அவர் எழுதினார்: எதற்காகத் தனியாகக் கேட்க வேண்டும்? கிளம்பும்போது எல்லாப் பெண்களும் பெரியவர்களிடம் தானாகவே சொல்கிறார்களே, 'போயிட்டு வாரேன்' என்று. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டால் என்ன?

வெளியூர்க்காரனுக்கு இது தோன்றியிருக்காது. ஊர்க்காரன் மூளை. கம்பெனி வக்கீல்கள் அதை அப்படியே ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். பணியாளர் கையுறையைக் கழற்றும் முன் சொல்லும் கடைசி வாக்கியமே மறுநாளைக்கான அவருடைய முடிவு. ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய ஒப்பந்தம் தொடரும். அன்றிலிருந்து இயந்திரம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. வெறுமனே காது கொடுத்தது. பெண்களுக்கு ஒரு தொல்லை ஒழிந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிக்கவில்லை.

பேச்சியம்மாளும் படிக்கவில்லை. பி.காம். முதல் வகுப்பு. வீட்டில் முதல் பட்டம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சங்கம் தொடங்கியபோது, படித்தவள் ஒருத்தி வேண்டும் என்று அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள்.

சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கூடத்துக்கு எதிர்ச் சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதிவைத்திருந்தார்கள்: அசையாத கைக்கும் கூலி கொடு.

நெடுங்கையில் கை அசைந்தால்தான் கூலி. துடைக்கிற நிமிடத்துக்கு உண்டு, ஊட்டுகிற நிமிடத்துக்கு உண்டு. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அவர்கள் விழுங்குவதற்காகக் காத்திருக்கிற நிமிடத்துக்குக் கிடையாது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி, கை நின்றதும் சிவப்பாகும். சிவப்பு என்றால் சும்மா. பதினொரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் ஆறேழு மணி நேரக் கூலி வரும்.

ஆடி மாதம் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பதினான்கு நாள் முன்னறிவிப்பு. சங்கத்துக்கு வழக்கு பார்க்கும் வக்கீல் தனிஸ்லாஸ் திருநெல்வேலியிலிருந்து வந்து கடைசி வாக்கிய விதியை விளக்கினார். எல்லாரும் 'நாளையிலேர்ந்து வேலைக்கு வரமாட்டேன்' என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டுக் கழற்ற வேண்டும். பாதிப் பேருக்கு மேல் மறுத்தால்தான் சட்டப்படி வேலைநிறுத்தம். இல்லையென்றால் வெறும் மட்டம் போட்டதாகத்தான் கணக்கு. பேச்சி அதைத் தாளில் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்தாள். எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் ஒருத்தியும் கூடத்துக்குள் போகவில்லை.

மூன்றாம் நாள் திருநெல்வேலி தொழிலாளர் அலுவலகத்தில் சமரச அதிகாரி அமலோற்பவம் முன்னால் மகாராஜன் ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்.

"ஐயா, நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரமாட்டேன். எங்க சங்கத்துல ஸ்ட்ரைக்கு."

"அப்ப எனக்கு யாரு?"

"கம்பெனியில கேளுங்கய்யா."

"மாத்திரைய எங்க வச்ச?"

"பச்சை டப்பாவுல இருக்குய்யா. சாப்பிட்டப்புறம் ஒண்ணு."

"ம்."

"சரிய்யா. போயிட்டு வாரேன்."

பேச்சியின் குரல். அறையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்க அவள் தலையைத் தூக்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று எழுபத்தொரு பேர் இதையே செய்திருந்தார்கள். வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார்கள். பெரியவர்கள் ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னார்கள், பிறகு போயிட்டு வாரேன் என்றார்கள். அவர்கள் சொல்லவில்லை, வாய் சொன்னது.

"மேடம், இது சும்மா பேச்சு வழக்கு" என்றார் தனிஸ்லாஸ். "சுடுகாட்டுல தவிர எல்லா இடத்துலயும் தமிழன் இதைச் சொல்லிட்டுத்தான் கிளம்புறான். கடைக்காரன்கிட்ட சொல்றோம், டாக்டர்கிட்ட சொல்றோம். திரும்பப் போறதாவா அர்த்தம்?"

"எனக்குப் புரியுது வக்கீல் சார்" என்றார் அமலோற்பவம். "நானும் இந்த ஊர்க்காரிதான். ஆனா ஒப்பந்தத்துல அர்த்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிருக்காவ. கையெழுத்துப் போட்டது உங்க ஆளுக."

வேலைநிறுத்தம் செல்லாது. ஒரு வாரக் கூலி வெட்டு. மறுபடியும் முன்னறிவிப்புக் கொடுக்கலாம். இரண்டாவது முறையும் பாதிக்கு மேல் தேறாவிட்டால், வாரேன் என்று சொல்லிவிட்டு வராத அத்தனை பேரையும் நீக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு.

பஸ்ஸில் வரும்போது சங்கத் தலைவி கோமு பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது தாண்டியவள், அந்த விசைத்தறிக் கொட்டகையிலேயே தறி ஓட்டியவள்.

"அழுதியாட்டி?"

"இல்லக்கா. எரியுது."

"எரியட்டும். நானும்தான் சொல்லிருக்கேன். எங்க வீட்டுக் கெழவர் தும்முனாரு, நூறாயிசுன்னேன், அதோட போயிட்டு வாரேனும் வந்துட்டு."

"நான் தாள் அடிச்சுக் குடுத்தவக்கா."

"அதனாலதான் உன்னுத மொதல்ல போட்டான். பி.காம் படிச்சவளே உளறிட்டா, மத்தவ எம்மாத்திரம்னு காட்டணும்லா."

மறு ஞாயிற்றுக்கிழமை செல்போன் கடை மாடியில் இருந்த சங்க அலுவலகத்தில் ஒத்திகை நடந்தது. இடம் போதாமல் படிக்கட்டிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோமு நாற்காலியில் நோயாளி மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொருத்தியாக வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூன்று பேரில் ஒருத்தி வாய் தவறினாள். தவறும்போதெல்லாம் படிக்கட்டு வரை சிரிப்பு போனது.

"கடைசியா 'போறேன்'னு சொல்லிப் பழகுவோம்" என்றாள் பேச்சி. "வாய்க்கு ஏதாச்சும் சொல்லணும். அந்த எடத்துல இதைச் சொல்லிட்டா மத்தது வராது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அது என்னால ஆகாதும்மா" என்றாள் முத்துக்கிளி. தொண்ணூற்றொரு வயது அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவள். "அந்த மனுசிகிட்டப் போயி போறேன்னு சொன்னா, எமனுக்கு நானே கதவைத் தொறந்துவிட்ட மாதிரில்லா."

"நீ சொல்லாட்டாலும் அவன் வருவான்."

"வரட்டும். நான் கூப்பிட்டதா இருக்கக் கூடாது."

"அக்கா, அது ஒரு வார்த்தை. அதைச் சொன்னா யாரும் சாக மாட்டாவ."

"அப்ப நீ ஏன் அன்னைக்கு வாரேன்னு சொன்ன? அதுவும் ஒரு வார்த்தைதான?"



வழி சொன்னது முத்துக்கிளிதான். "வாயில எதையாச்சும் வச்சு அடைச்சுட்டா? கமர்கட்டு மாதிரி. வரமாட்டேன்னு சொன்ன கையோட உள்ள போட்டுக்கிடுவோம். கேட்டா ம், ம்னு தலைய ஆட்டலாம்."

கண்ணாடி மாட்டிய தலையை ஆட்டுவது சென்னையில் யாருக்குத் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். ஆனாலும் அது தீர்மானம் ஆனது. சங்கங்களின் சரித்திரத்தில் போராட்ட நிதியில் கமர்கட்டு வாங்கியது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

இரண்டாவது முன்னறிவிப்பின் பதினான்காம் நாள் வந்தது. காலையில் கூடத்து வாசலில் நின்று கோமு ஆளுக்கு இரண்டு கமர்கட்டு கொடுத்தாள். பேச்சி வாங்கவில்லை.

"ரோசமா?"

"ஆமா. வாயைத் தொறந்து சொல்லிட்டுத்தான் வருவேன்."

அவள் பார்த்துக்கொண்டது அடையாறில் ராமதுரை என்பவரை. ஓய்வுபெற்ற இன்ஜினியர், எழுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. மகள் மெல்போர்னில். இரண்டு வருடமாகப் பேச்சி அவரைக் குளிப்பாட்டுகிறாள். அவர் அவளை 'ஏய்' என்பார், 'இந்தாம்மா' என்பார், கோபம் வந்தால் 'மெஷின்' என்பார். மத்தியானம் தூங்கும்போது மட்டும் வலது கையை நீட்டுவார். பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிய எரிய அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். விட்டால் விழித்துக்கொள்வார், விழித்தால் உளறுவார். அந்தக் கை சூடாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று அவளுடைய கையுறைக்குத் தெரியும். கூலிக் கணக்குக்குத் தெரியாது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அவள், "ஐயா, நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரமாட்டேன். போன தடவை மாதிரி இல்ல. நெசமாவே வரமாட்டேன்" என்றாள்.

அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கம்பெனி மாட்டியிருந்த திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டுகிற மாதிரி, "பேச்சி... யம்மா" என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவை.  பேச்சி கம்பத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். கம்பெனி அனுப்பிய செய்தி அதில் இருந்தது. 'உங்கள் பராமரிப்பாளரின் பெயர் பேச்சியம்மாள். இன்று அவர் போயிட்டு வரேன் என்று சொல்லி விடைபெற்றால் உங்களுக்கு ஒரு மாதச் சேவை இலவசம்.'

மகாராஜன் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் இப்போது இதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

"பேச்சியம்மா, போயிட்டு வரேன்னு சொல்லு."

"மாட்டேன்யா."

"சொல்றதுல உனக்கு என்ன குறையுது?"

"எனக்குத்தான்யா குறையுது. மத்தியானம் உங்க கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்லா, அது வேலை இல்லைன்னு சொல்லுதாவ."

"நானா பிடிக்கச் சொன்னேன்?"

"ஆமா. நீங்கதான் நீட்டுனீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. மணி ஆறாக ஒரு நிமிடம் இருந்தது. போர்வையை அவர் மார்பு வரை இழுத்துவிட்டாள். போனை வலது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் பழைய வழியில் ஓடிவிடும் என்று தெரிந்தது.

"போறேன்யா" என்றாள்.

சொன்ன வேகத்தில் கண்ணாடியைப் பிடுங்கிக் கழற்றினாள். அடையாறு மறைந்தது, சத்தமும் நின்றது. அதற்குப் பிறகுதான் கையுறைகள். அவசரத்தில் வலது கைப் பட்டை சீக்கிரம் கழலவில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள்.  முத்துக்கிளி மட்டும் அழுதுகொண்டே சப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அமலோற்பவத்தின் மேஜையில் இயந்திரத்தின் கணக்கு வந்து விழுந்தது. மறுத்தவர்கள் நூற்று ஐம்பத்தாறு. சம்மதித்தவர்கள் நூற்று ஐம்பத்தாறு.

இலவச மாதம் வேலை செய்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், பலர் கமர்கட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

"சரிபாதி" என்றார் மகாராஜன். "பாதிக்கு மேலன்னுதான் விதி மேடம்."

"சம்மதம்னு போட்டிருக்க லிஸ்ட்டைக் குடுங்க" என்றார் தனிஸ்லாஸ். விரலை வைத்துக்கொண்டே இறங்கியவர் ஓரிடத்தில் நிறுத்திப் பேச்சியைப் பார்த்தார். கோமுவும் எட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் பேச்சியைப் பார்த்தாள்.

"என்ன சார்?"

"உன் பேரு இருக்கு."

"நான் சொல்லல."

"போன தடவையும் உனக்குத் தெரியாமத்தான்..." என்று தொடங்கிய கோமு நிறுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லலக்கா. கமர்கட்டு இல்லாமச் சொன்னேன், போறேன்னு சொன்னேன். மேடம், அதைப் போடச் சொல்லுங்க."

மகாராஜன் யோசிக்காமல் போட்டார். போன தடவை நன்றாக வேலை செய்த ஒலிப்பதிவு அல்லவா.

'போறேன்யா' என்றது பேச்சியின் குரல். பிறகு பொருள் உரசும் சத்தம், கழலாத பட்டை; கையுறை கழலும் வரை பதிவு ஓடியிருந்தது. அவள் கேட்டிராத பகுதி இனிமேல்தான்.

"ஏய்" என்றது ராமதுரையின் குரல்.  "விளக்கு வைக்கிற நேரத்துல போறேங்கிறா பாரு." பிறகு, "சரி, நானே சொல்லிக்கிறேன். போயிட்டு வரேன்."

பதிவு முடிந்தது.

"இது யாரு?" என்றார் அமலோற்பவம்.

"பேஷண்ட்டு மேடம்" என்றார் மகாராஜன். "ஆனா பதிவான கடைசி வாக்கியம் அதுதான்."

"பணியாளர் சொல்லும் கடைசி வாக்கியம்னு எழுதிருக்கீங்க. இவர் உங்க பணியாளரா?"

"இல்ல. மெஷினுக்குக் குரலைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது மேடம். செலவு ஜாஸ்தின்னு அதை விட்டுட்டாங்க."

"எனக்குத் தெரியுது" என்று அவர் பேனாவை எடுத்து ஐம்பத்தாறை அடித்து ஐம்பத்தேழு என்று எழுதினார்.

கோமு பேச்சியின் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். அதுதான் அவளுடைய மன்னிப்பு.

ராமதுரை எதற்காக அதைச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. இலவச மாதத்துக்காக இயந்திரத்தை ஏமாற்றப் பார்த்திருக்கலாம். அபசகுன வார்த்தையோடு பொழுது முடியக் கூடாது என்று பயந்திருக்கலாம். சங்கத்துக்காகச் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். பேச்சி அவரை நல்லவர் ஆக்க முயலவில்லை.

வேலைநிறுத்தம் செல்லும் என்ற உத்தரவில் முத்திரை விழுந்தபோது மணி மூன்று. கீழே மரத்தடியில் காத்திருந்த பெண்களிடம் சொல்ல எல்லாரும் எழுந்தார்கள். பேச்சி எழவில்லை. மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த மகாராஜனிடம், "சார், அடையாறு வீட்டுக்கு இன்னைக்கு யாரு போனா?" என்று கேட்டாள்.

"பதினாலு நாள் முன்னாடியே சொல்லிருக்கோம், ஆள் ஏற்பாடு பண்ணலையா?" என்றார் தனிஸ்லாஸ்.

"நீங்க தோத்துருவீகன்னு நெனைச்சோம்" என்றார் மகாராஜன். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத குரல். "மத்தியானம்தான் ஏஜென்சி ஆள் ஒருத்தன் போயிருக்கான். என்ன செய்யணும்னே தெரியலன்னு நாலு தடவை போன் பண்ணிட்டான்."

"எழுதிக்கிடுங்க."

"ஏட்டி" என்றாள் கோமு வாசலிலிருந்து. "ஸ்ட்ரைக்க நம்ம ஆரம்பிச்சுட்டு, கருங்காலிக்கு நீயே பாடம் எடுக்கியா?"

"கெழவர் ஸ்ட்ரைக்கு பண்ணலக்கா. ரெண்டு நிமிசம் நில்லு."

மகாராஜன் சட்டைப்பையிலிருந்து பேனாவையும், மேஜையிலிருந்து பழைய உறை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கப் போடக் கூடாது."

எழுதினார்.

"தண்ணியை நேரா ஊத்தக் கூடாது, பொரை ஏறும். கரண்டியால குடுக்கணும். ஒரு வாய் குடுத்தா முழுங்குற வரைக்கும் அடுத்ததை நீட்டக் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகுற நேரம் ஆகும். மத்தியானம் தூங்கும்போது வலது கையை நீட்டுவாரு. பிடிச்சுக்கிடணும். விட்டா முழிச்சிருவாரு."

பேனா நின்றது. "எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"சில நாள் முக்கால் மணி நேரம்."

"அவ்வளவு நேரமும் சும்மா பிடிச்சிட்டு இருக்கணுமா? அதுக்கு ஏஜென்சிக்காரன் தனியா ரேட்டு கேப்பானே."

"குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சி எழுந்தாள்.